பச்சை மூடி இடது கைக்கு

மாலதி, வள்ளி,

நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாள் கேட்டீர்கள்: "நல்லா வேலை செஞ்ச மருந்தை எதுக்குப்பா ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்தீங்க?" உங்கள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். தோல் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ காத்திருக்கிற பிள்ளைகள் கையில் இது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும்.

முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரித்தான் முதலில் வந்தது. சிவப்பு வட்டம், மேலே வெள்ளைச் செதில். படை என்று நினைத்து மருந்துக் கடைக் களிம்பு போட்டேன். தலைக்குப் போனது, காலுக்குப் போனது, கடைசியில் கைக்கு வந்தது. தி.நகர் ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறவனுக்குக் கைதான் எல்லாம். புடவையை விரித்து, முந்தியை எடுத்து என் தோளிலேயே போட்டுக் காட்டுவேன். ஒரு நாள் கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "வேற ஆள் இல்லையா காட்ட?" என்று பக்கத்துப் பையனைக் கேட்டார்கள். அன்று சாயந்திரம் முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏ ஆறுமுகம், கொஞ்ச நாளு மேல குடோன்ல இருடே. கை ஆறட்டும்." அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் விரித்த புடவையை மடிக்காமலேயே படியேறினேன்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா பயாப்ஸி செய்யச் சொன்னார். தோலில் மிளகளவு வெட்டி எடுத்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதுதான் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள், வலி அந்த ஊசியோடு சரி. முடிவு வந்ததும் சொன்னார்: "சொரியாசிஸ்ங்க. தொட்டா ஒட்டாது. உங்க தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. பிள்ளைங்களைக் கட்டிப் பிடிச்சா ஒட்டாது. முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்."

தோல் ஏன் அப்படி ஆகிறது? எங்கள் கடையில் ஒரு புடவை விற்றால் அந்த இடத்துக்குக் குடோனிலிருந்து இன்னொன்று இறங்கும். தோலும் அப்படித்தான். பழையது உதிர, அடியிலிருந்து புதியது வர, ஏறக்குறைய ஒரு மாதம் ஆகுமாம். எனக்குச் சில நாளிலேயே வந்துவிடுகிறது. விற்காத சரக்கு மேசை மேல் குவிகிற மாதிரி தோல் அடுக்கடுக்காக நிற்கிறது. அதுதான் செதில்.

இப்படி அவசரப்படுத்துவது யார் என்றால், நம்மைக் காக்க ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள். தீபாவளிக் கூட்டத்தில் யாரோ "திருடன்!" என்று கத்த, செக்யூரிட்டி ஓடி வந்து கடைப் பையனையே பிடித்து அடித்தால் எப்படி இருக்கும்? அடி விழ விழச் சத்தம், சத்தம் கேட்டு இன்னும் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அதற்குத்தான் அழற்சி என்று பெயர். சிவப்பு, வீக்கம், சூடு, அரிப்பு எல்லாம் அந்தத் தள்ளுமுள்ளுதான்.

போன வருடக் கத்திரி வெயிலில் எனக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொண்டைக்கு வந்த கிருமி தோலைக் கிளறிவிட்டுவிட்டது. உச்சந்தலை முதல் பாதம் வரை சிவந்து உரிய ஆரம்பித்தது. தோல் முழுவதும் இப்படி ஆனால் உடம்பால் சூட்டையும் தண்ணீரையும் பிடித்து வைக்க முடியாது, ஓட்டைப் பானை மாதிரி. அதனால்தான் வார்டில் சேர்த்தார்கள். எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடும்போது நான் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பயமாக இருந்தது. செத்துப்போவேன் என்ற பயம் இல்லை. நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் உங்கள் முகம் எப்படி மாறும் என்ற பயம். வரவேண்டாம் என்று நான் சொல்லியனுப்பியது அதனால்தான்.

ஆஸ்பத்திரி விரிப்பு உடம்பில் உரசியது. உங்கள் அம்மா வீட்டிலிருந்து தன் பழைய சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். கஞ்சியே படாமல் துவைத்துத் துவைத்து நைந்த புடவை. இத்தனை வருடம் துணி விற்ற எனக்கு அன்றைக்குத்தான் துணி என்றால் என்னவென்று தெரிந்தது. வெளியில் எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், "அதெல்லாம் கவருமெண்டுலயே பாத்துட்டாவ" என்பாள். அவள் ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம் போனதென்று பிறகுதான் தெரிந்தது. வள்ளி, என் சட்டைகளில் கழுத்துக்குப் பின்னால் உறுத்தும் பட்டியை எல்லாம் நீ வெட்டி வைத்திருந்தாய். மாலதி, நான் வீட்டுக்கு வந்த பிறகு, நான் எழுந்ததும் என் பாயைச் சுற்றிப் பெருக்கி, செதில் என் கண்ணில் படாமல் எடுத்துவிடுவாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தாஸ் அண்ணன். ராயப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கும் இதே வியாதி.

"இன்னா நைனா, ஜவுளிக் கடையா? அதான் கத்திரி வெயில்ல ரெண்டு கம்பளி போத்திக்கினு ஷோ காட்டுற."

"குளிருதுண்ணே."

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. கவலப்படாத. நம்ப ரெண்டு பேரும் பாம்பு கட்சி. பாம்பு எப்பவோ ஒருக்கா சட்ட உரிக்குது, நாம டெய்லி உரிக்கிறோம். யாரு கெத்து, சொல்லு?"

சிரித்தால் உதடு வெடிக்கும். ஆனாலும் சிரித்தேன்.

குருத்தணு, அதாவது ஸ்டெம் செல் என்ற பேச்சை முதலில் எடுத்தவரும் அவர்தான். "தி.நகர்ல ஒரு கிளினிக் கீதுபா. ஸ்டெம் செல் ஊசியாம். போட்டா தோல் கொயந்த மாதிரி ஆயிடுமாம். ஆளக் கூட்டிக்கினு போனா எனக்குக் கமிசன்."

"அப்ப நீங்க ஏண்ணே போட்டுக்கல?"

"அதான் சொல்றேனே, கமிசன் தர்றாங்கன்னு. நல்ல மருந்துக்கு எவன்பா ஆட்டோக்காரனுக்குக் கமிசன் தருவான்?"

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது கேட்டேன். "இந்த வியாதிக்கு அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. காசு வாங்கிட்டுப் போடறவங்ககிட்ட போயிடாதீங்க. முறையா நடக்கிற ஆராய்ச்சியில உங்ககிட்ட மருந்துக்குக் காசு கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு நின்று விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு வேலை உண்டு. குருத்தணு இன்னும் எந்த வேலைக்கும் போகாத இளசு, வாழைக் குருத்து மாதிரி. பிள்ளை பிறந்ததும் தூக்கிப் போடும் தொப்புள்கொடியில் அது இருக்கிறது. அதற்கு இன்னொரு குணமும் உண்டாம். பக்கத்தில் காவல் அணுக்கள் சண்டை போட்டால், அவற்றை அடங்கச் சொல்லும் பொருள்களைத் தன்னிடமிருந்து கசியவிடுமாம். கூட்டத்துக்குள் அண்ணாச்சி வந்து, "ஏ, விடுங்கடே, நம்ம பையன்தான்" என்று சொல்கிற மாதிரி. அந்த அணுக்களை ஒரு திரவத்தில் வளர்த்து, பிறகு அணுக்களை நீக்கிவிட்டு, திரவத்தை மட்டும் சுத்தம் செய்து ஜெல்லாக ஆக்கிப் பார்க்கிறார்கள்.

உங்கள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "சோத்த எடுத்துட்டு வடிகஞ்சிய மட்டும் குடுக்காவளா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

வீட்டுக்கு வந்து, மாத்திரையில் உடம்பு மெல்லத் தேறியது. கைகள் மட்டும் அடங்கவில்லை. தை மாதம் டாக்டரம்மா கூப்பிட்டார். அந்த ஜெல்லைச் சோதிக்கப் போகிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டார். தாஸ் அண்ணனும் சேர்ந்தார்.

இரண்டு டியூப் கொடுத்தார்கள். பச்சை மூடி இடது கைக்கு, வெள்ளை மூடி வலது கைக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்தில்லாத வெறும் ஜெல். எதில் எது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. "தெரிஞ்சா நல்லாயிடுச்சுன்னு மனசு நினைச்சுக்கும். என் கண்ணும் ஏமாறும்" என்றார். வேறு எதுவும் கையில் தடவக்கூடாது. டியூப்களைத் திரும்பக் கொண்டுவந்தால் எடை போட்டுப் பார்ப்பார்கள், ஒழுங்காகப் போட்டோமா என்று தெரிந்துகொள்ள. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள்.

விரல் வெடித்திருந்ததால் என்னால் போட்டுக்கொள்ள முடியாது. காலையும் மாலையும் உறை மாட்டிக்கொண்டு உங்கள் அம்மாதான் போட்டாள். "பச்ச இடது, வெள்ள வலது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போடுவாள், நான் டியூப்பைப் பார்ப்பதில்லை.

இடது கை தெளிய ஆரம்பித்தது. சிவப்பு வெளுத்தது, செதில் மெலிந்தது, அரிப்பு நின்றது. வலது கை அப்படியே இருந்தது. ரசம் சாதம் பிசைந்தால் வெடிப்பில் தீ வைத்த மாதிரி எரியும். கரண்டியில் சாப்பிட ஆரம்பித்தேன். "அப்பா ஹோட்டல்காரர் ஆயிட்டாரு" என்று வள்ளி சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தெளிந்தது இடது கை. அதை வைத்துக்கொண்டு முகூர்த்தப் பட்டை எடுத்துக் கொடுக்க முடியுமா? எவர் வாங்குவார்?

பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா பார்க்க நாலு பேருமாக மாட வீதிக்குப் போனோம். நீங்கள் இருவரும் பலூன்காரனிடம் நின்றீர்கள். ஒரு வீட்டு வாசலில் தொன்னையில் தயிர்சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இடது கையை நீட்டிவிட்டேன்.

"பிரசாதம்பா, சோத்துக் கைய நீட்டு" என்றார் கொடுத்தவர்.

துண்டுக்குள் இருந்த வலது கையை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்தார். நீட்டிய தொன்னையைப் பின்னுக்கு இழுத்து மேசை ஓரத்தில் வைத்தார். "அங்க வெச்சிருக்கேன், எடுத்துக்கோ."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து வெயிலில் நின்று ஊருக்குச் சோறு போட்டவர். பயந்துவிட்டார். உங்கள் அம்மா முன்னால் போய் அந்தத் தொன்னையை எடுத்தாள். அவர் எதிரிலேயே ஒரு வாய் எனக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அதே கையால் அவள் சாப்பிட்டாள்.  

அதற்குப் பிறகு சில வாரத்தில் வலது கை தெளிய ஆரம்பித்தது! வெடிப்பு மூடியது. ஒரு மத்தியானம் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன், உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெள்ளை மூடி தாமதமாக வேலை செய்கிறது என்று நம்பினேன். இடது கை மட்டும் மறுபடி அரித்தது. வியாதி அப்படித்தான் இடம் மாறும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்திரம், அவள் ஜெல் போடும்போது தற்செயலாகப் பார்த்தேன்.

"செண்பகம், அது பச்சை மூடி. இடது கைக்குள்ளது."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலருந்து இப்படி?"

"திருவிழா அன்னைக்குச் சாயந்தரத்துலருந்து." அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஏன்னு கேக்காதிய. கும்புட இந்தக் கை வேணும், குடுக்க இந்தக் கை வேணும், திங்க இந்தக் கை வேணும். மருந்தெல்லாம் அந்தக் கைக்குப் போயிக்கிட்டு இருக்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமோ?"

"நாளைக்கு டாக்டரம்மாட்ட என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். அத இதுக்குப் போட்டேன், இத அதுக்குப் போட்டேன். எடை போட்டாலும் சரியாத்தான் இருக்கும். சொன்னா நிறுத்திருவாவ."

"நிறுத்தத்தான் செய்வாங்க."

"அப்ப கை?"

 அவள் சொன்னது உண்மை. நாங்கள் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப் போவதில்லை. கை முழுதும் தெளிந்தால் அண்ணாச்சி என்னைக் கீழே கூப்பிட்டுவிடுவார். சொன்னால் டியூப் போகும், டியூப் போனால் கை போகும். வெளியே போய் தாஸ் அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லாத நைனா" என்றார் எடுத்த எடுப்பில். "வாய மூடிக்கினு இரு. தங்கச்சி செஞ்சது தப்பே இல்ல. நானா இருந்தா ரெண்டு டியூபையும் ஒரே கையில பிதுக்கியிருப்பேன்."

"சரிண்ணே."

போனை வைக்கப் போனேன். "இன்னொண்ணு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் கீது. ஒண்ணும் கேக்கல. உனக்குப் பச்ச மூடி கேட்டுச்சுன்னு சொன்னியே, அத நம்பித்தான் நானும் போயிக்கினு கீறேன். நாளைக்கு அவங்க உன் கையப் பாத்துட்டு, 'மொதல்ல கேட்டுச்சு, அப்பால கேக்கல, இது வேலைக்கு ஆவாது'ன்னு எழுதிட்டா? மருந்த மூட்ட கட்டிட்டா? எனக்கு இன்னா வழி?" யாரோ அவரைச் சவாரிக்குக் கூப்பிடுவது கேட்டது. "சரி, வுடு. உன் கை, நீ பாத்துக்க."

அந்தப் பேச்சை உங்கள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது, பையில் டியூப் இருக்கிறதா என்று அவள் இரண்டு தடவை பார்த்தாள். சொல்லப் போகிறோமா இல்லையா என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

டாக்டரம்மா என் இரண்டு கையையும் விளக்குக்கு அடியில் வைத்துப் படம் எடுத்தார். பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"போன தடவை இடது பக்கம்தானே நல்லா இருந்துச்சு? எப்படி இப்படித் திரும்புச்சு? ஒழுங்கா மாத்தாமப் போட்டீங்களா?"

நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் மாத்துனேன் டாக்டரம்மா" என்றாள் உங்கள் அம்மா. "அவுகளுக்கு நேத்துவரைக்கும் தெரியாது." திருவிழாவைச் சொன்னாள், தொன்னையைச் சொன்னாள். மேசை ஓரத்தைக் கையால் தொட்டு, "இந்தா, இப்படி வச்சாவ" என்று காட்டினாள். "அந்தக் கையிலதான் எனக்குத் தாலி கெட்டுனாவ, டாக்டரம்மா."

டாக்டரம்மா கேமராவைக் கீழே வைத்தார்.  பிறகு, "திருவிழா வரைக்கும் எடுத்த படமெல்லாம் செல்லும்மா. அதுக்கு அப்புறம் உள்ளது செல்லாது. நீங்க சொல்லலேன்னா எல்லாத்தையும் சேர்த்து எழுதியிருப்போம்" என்றார். "ஆனா இனிமே இந்த ஜெல்லை உங்களுக்குத் தர முடியாது. கையைக் காட்ட மட்டும் வந்துட்டிருக்கணும்."

"நான் செஞ்சதுக்கு அவுகளுக்கா தண்டன?"

"தண்டனை இல்லம்மா. இனிமே அந்தக் கைங்களை வெச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப அது நல்ல மருந்துதான? மாத்திப் போட்டதும் இந்தக் கையும் கேட்டுச்சே."

"இருக்கலாம். எனக்கும் அப்படி இருக்கணும்னு ஆசைதான். ஆனா பச்சை மூடியில என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. இந்த வியாதி தானா ஏறும், தானா இறங்கும். அதனாலதான் நிறைய பேர் கையில, மாத்தாம போட்டுப் பாக்கணும்."

உங்கள் அம்மா பையிலிருந்து டியூப்களை எடுத்தாள். வெள்ளை மூடியை முதலில் வைத்தாள். பச்சை மூடியை முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, அப்புறம் மேசைமேல் வைத்தாள்.

மருந்தைத் திருப்பிக் கொடுத்த கதை இதுதான். உங்கள் அம்மாமேல் கோபப்படாதீர்கள். என்மேலும் கோபப்படாதீர்கள். தாஸ் அண்ணன் இன்னும் அந்த ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். முடிவு வர நாளாகுமாம். "நான் கெலிச்சா உனக்கும் பாதி, நைனா" என்கிறார்.

எனக்கு இப்போது மாத்திரையும் ஒளி சிகிச்சையும். ஒரு பெட்டிக்குள் கையை நீட்டினால் நீலமாக ஒளி அடிக்கும், அவ்வளவுதான். வலது கையில் வெடிப்பு திரும்ப வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. சில நாள் கையால் சாப்பிடுகிறேன், சில நாள் கரண்டி. ஆடிக் கூட்டத்துக்கு ஆள் போதாமல் அண்ணாச்சி என்னைக் கீழே வேட்டிப் பிரிவுக்கு இறக்கிவிட்டார். பட்டுப் பிரிவு எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டியூப்பைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயந்திரம் நடந்ததை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை, டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சாதாரணக் களிம்பு, இரண்டு கைக்கும் ஒரே டியூப். உங்கள் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அவள் அதை மெல்லத் தள்ளினாள்.

"அது இருக்கட்டும். அந்தக் கையக் குடுங்க."

சிவந்து தடித்திருந்த இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் விரலாக, அவசரமே இல்லாமல் தேய்த்தாள். வலது கை அதுபாட்டுக்குக் காத்திருந்தது.